வீரரோடு நின்ற நாய்கள்

நன்றிக்கு உவமை கூற வேண்டுமானால் நாம் நாயைச் சொல்லுகிறோம். ஒருவனை இழித்துப் பேச வேண்டுமானாலும் அதே நாயைத்தான் சொல்லுகிறோம். ஒரு பிராணியின் பெயரை மிக உயர்ந்த குணத்துக்கும் மிகத் தாழ்ந்த வசைக்கும் ஒரே நாவால் வழங்குகின்ற விந்தை, நம் வீடுகளில் நாள்தோறும் நடைபெறுகிறது. குற்றம் நாயினிடத்தில் இல்லை; நாம் அதை நின்று நோக்கியதில்லை என்பதே காரணம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் தேதி கொடி நாள் வருகிறது. 1949-ஆம் ஆண்டு முதல் இந்நாடு கொண்டாடி வரும் நாள் அது. நம் சங்கத்திலும் அன்று உண்டியல் வைக்கிறோம்; குழந்தைகளின் சட்டையில் சிறு கொடியைக் குத்தி மகிழ்கிறோம்; எல்லையில் உயிர் நீத்த வீரரை நினைந்து ஒரு நிமிடம் எழுந்து நிற்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் வீரருக்கு முன்னே நடந்து, அவருக்கு வரவிருந்த குண்டைத் தன் உடலில் ஏற்ற மற்றோர் உயிரை நினைப்போர் நம்மில் எத்தனை பேர்? அதைக் குறித்து நாம் அறிந்த சிலவற்றை அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் பத்தாம் வகுப்பு வரை படித்து, இரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக அமர்ந்து, வடக்கே காலம் தள்ளி வருகிறவர். நாயைப் பதிவு செய்வதும் நம் வேலைகளுள் ஒன்று. பயணி ஒருவர் நாயுடன் வந்தால் எடை பார்த்து, கட்டணம் வாங்கி, ரசீது கிழித்துக் கொடுத்து, கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அதை ஏற்றச் செய்கிறோம். புறப்படும் ஊர், போய்ச் சேரும் ஊர், எடை, தொகை ஆகிய எல்லாவற்றையும் எழுதுகிறோம். நாயின் பெயரை மட்டும் எழுதுவதில்லை. கணக்குக்கு அது வேண்டுவதில்லை. பல ஆண்டுகள் நாமும் அப்படியே எண்ணியிருந்தோம்.

மீரட்டில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தபோதுதான் இராணுவ நாய்களை நேரிற் கண்டோம். தை மாதத்துப் பனி. வண்டி ஆறு மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு படைவீரர் தம் கம்பளியை நாய்க்குப் போர்த்திவிட்டுத் தாம் வெறும் மேற்சட்டையுடன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாம் தேநீர் வாங்கிக் கொடுத்தோம். அவர் அதைத் தரையில் வைத்துவிட்டு, முதலில் நாயின் தட்டில் தண்ணீர் ஊற்றி, அது குடித்து முடிக்கும் வரையில் காத்திருந்தார். தேநீர் ஆறிப்போயிற்று. "இவள் குடித்த பிறகுதான் நான், எங்கள் வழக்கம் அது" என்று இந்தியில் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. நாம் பேரேட்டின் வழக்கத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

மீரட் நகரம் இந்த நாய்களுக்குத் தாய்வீடு. படைக்குரிய குதிரைகள், கோவேறு கழுதைகள், நாய்கள் ஆகியவற்றை வளர்த்துப் பழக்கி மருத்துவமும் செய்கின்ற 'ரீமவுண்ட் வெட்டர்னரி கோர்' என்னும் பிரிவின் பயிற்சி நிலையமும் கல்லூரியும் அங்கே உள்ளன. 1960-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அங்கே நாய்ப் பயிற்சி தொடங்கப்பட்டது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜிய மாலினாய்ஸ் முதலிய அயல்நாட்டு இனங்களே பெரும்பாலும் பழக்கப்பட்டு வந்தன. 2016-ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் முதோல் வேட்டைநாயும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் அறிந்த நமக்கு அச்செய்தி மகிழ்ச்சி தருவதே.

எல்லா நாய்க்கும் ஒரே வேலை அன்று. கால்தடத்தின் மணத்தைப் பற்றி மைல்கணக்கில் ஓடுவது ஒன்று. மண்ணுள் புதைந்த கண்ணிவெடியைக் கண்டு, அதைத் தொடாமல் அருகே அமர்ந்து அடையாளம் காட்டுவது ஒன்று. பனிச்சரிவில் புதையுண்டவரைத் தேடுவது ஒன்று. பகைவர் ஒளிந்த வீட்டினுள் முதலாவதாக நுழைவது ஒன்று. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீரர் உண்டு. உணவு அவர் கையால். கட்டளை அவர் குரலால். காயம் பட்டால் முதல் கட்டும் அவர் கட்டுவதே. நாயின் காது எப்போது விறைக்கிறது, மூச்சு எப்போது மாறுகிறது என்பதை அவர் அறிவார். அவருடைய நடையில் தோன்றும் தயக்கத்தை நாய் அறியும். இந்த இருவருக்கும் பின்னே பத்துப் பேர் அடிவைத்து வருகின்றனர். முன்னே செல்லும் அந்த மூக்கை நம்பித்தான் அத்தனை பேரும் காலை ஊன்றுகின்றனர்.

நம் சித்தப்பா அத்தகைய ஒரு வீரராக இருந்தவர். கரிசல் காட்டுக் கிராமத்தில் பிறந்து, முயல் விரட்டும் நாய்களோடு வளர்ந்து, படையில் சேர்ந்தபின் நாய்ப் பிரிவில் அமர்த்தப்பட்டார். ஓய்வு பெற்று ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆயின. அந்த வட்டாரத்தில் நாயில்லாத வீடு அரிது. அவர் வீட்டில் மட்டும் நாய் கிடையாது. அண்டை வீட்டார் குட்டி கொடுத்தால் வாங்கமாட்டார். சிறு வயதில் நாம் காரணம் கேட்டதுண்டு. அவர் எழுந்து போய்விடுவார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, திண்ணையில் படுத்திருந்த ஓர் இரவில் அவரே சொன்னார். அவர் ஓய்வு பெற்றபோது நாய்க்கு இன்னும் சேவைக் காலம் பாக்கி இருந்தது. புதிதாக வந்த ஓர் இளைஞன் கையில் கயிற்றைக் கொடுக்க வேண்டும். நாயை "உட்கார்" என்றார், உட்கார்ந்தது. கயிற்றைக் கொடுத்துவிட்டு வாயில் வரை நடந்தார். "திரும்பிப் பார்த்தேன், தம்பி. அப்படியே உட்கார்ந்திருந்தது. எழுந்திரு என்று நான் சொல்ல வேண்டும், நான் சொல்லவில்லை. சொன்னால் என் பின்னாலேயே ஓடி வந்துவிடும். இன்றைக்கும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது போலத்தான் இருக்கிறது எனக்கு." அதன் பெயரையும் அன்றிரவு ஒரு தடவை சொன்னார். பிறகு, "அதை யாரிடமும் சொல்லாதே" என்றார். ஆதலால் இங்கே அதை எழுதவில்லை.

பணி முடிந்த நாய்களின் கதை நெடுங்காலம் மனத்துக்கு இதமானதாக இருந்ததில்லை. வயதாலோ நோயாலோ பயன்படாமற்போன இராணுவ நாய்களை வலியின்றி உயிர்நீக்கும் முறை முன்பு இருந்தது. 2015-ஆம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்ட ஒரு கேள்விக்கு வந்த விடையால் அது பலருக்கும் தெரியவந்தது. தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கும் எழுந்தது. அதன்பின் முறை மாறிற்று. ஓய்வு பெற்ற நாய்களை மீரட்டில் வைத்துப் பேணவும், விரும்பும் குடும்பத்தார்க்குத் தத்துக் கொடுக்கவும் வழி ஏற்பட்டது. அமெரிக்கர்களும் இதே பாடத்தைத் தாமதித்தே கற்றனர். வியட்நாம் போருக்குச் சுமார் 4,000 நாய்களைக் கொண்டு சென்ற அவர்கள், ஏறத்தாழ 200 நாய்களையே திரும்ப அழைத்து வந்தனர். மற்றவை உபரிச் சாமான்களைப் போல அங்கேயே விடப்பட்டன. ஓய்வு பெறும் படைநாயைத் தத்துக் கொடுக்க வழிசெய்யும் சட்டம் அங்கே 2000-ஆம் ஆண்டில்தான் பிறந்தது.

பணியிலேயே மாண்ட நாய்கள் சிலவற்றின் பெயரை நாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம்.

மான்சி என்பது ஒரு லாப்ரடார் பெண்நாய். அதன் வீரர் டெரிடோரியல் ஆர்மியைச் சேர்ந்த பஷீர் அகமது வார். காஷ்மீரத்து மண்ணின் மைந்தர். 2015 ஆகஸ்டில் வட காஷ்மீரத்தின் தங்தார் பகுதியில், எல்லை தாண்டி ஊடுருவியோரின் தடத்தை மான்சி கண்டு முன்னே சென்றது. குண்டு பாய்ந்தது. நாயும் வீழ்ந்தது, அதைக் கைவிடாத வீரரும் வீழ்ந்தார். போர்க்கள அறிக்கையில் பெயர் குறிக்கப்படும் சிறப்பு மறு ஆண்டு மான்சிக்கு அளிக்கப்பட்டது.

ஆக்சல், இரண்டு வயது மாலினாய்ஸ். 2022 ஜூலை 30-ஆம் நாள் பாரமுல்லா மாவட்டத்தில் பகைவர் ஒளிந்திருந்த ஒரு வீட்டினுள் அனுப்பப்பட்டது. முதலறையைச் சோதித்தது, அடுத்த அறையுள் நுழைந்தபோது சுடப்பட்டது. அந்த வாயிலில் மனிதர் ஒருவர் முதலில் நுழைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அனந்தநாக் மாவட்டத்தில் ஜூம் என்னும் நாய் இரண்டு குண்டுகள் தைத்த பின்னும் தன் வேலையை விடாமல் போராடி, ஸ்ரீநகர் இராணுவக் கால்நடை மருத்துவமனையில் 13-ஆம் தேதி உயிர் விட்டது. 2023 செப்டம்பரில் ரஜௌரியில் கென்ட் என்னும் ஆறு வயது லாப்ரடார், தன் வீரரை மறைத்து நின்று குண்டேற்று மாண்டது. அதே மோதலில் ரைபிள்மேன் ரவி குமார் என்னும் வீரரும் உயிர் ஈந்தார். கென்ட்டின் உடலுக்கு மூவர்ணக் கொடி போர்த்தினர். 2024 அக்டோபரில் அக்னூரில் ஃபாண்டம் வீழ்ந்தது. அதற்கு வயது நான்கு.

இத்தாளை நம் சங்கக் கூடத்தில் ஒருமுறை அன்பர்களிடம் காட்டினோம். மூத்த பெரியவர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, "மாண்ட மனிதர்களையே நாடு மறந்துவிடுகிறது, இதில் நாய்க்கு என்ன அஞ்சலி?" என்று கேட்டார். கேலியாக அன்று; வருத்தத்தோடுதான் கேட்டார். அவருடைய தமையனார் 1971-ஆம் ஆண்டுப் போருக்குப் போய்த் திரும்பாதவர். ஆதலால் அந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பல நாள் எண்ணிப் பார்த்தோம்.

படைவீரர் தாமே விரும்பிக் கையொப்பமிட்டுப் படையில் சேருகிறார். எதற்காகப் போகிறோம் என்பதை அறிந்து போகிறார். மனைவி மக்களையும் தாய் தந்தையரையும் எண்ணிய பிறகும் முன்னே அடி வைக்கிறார். ஆதலால் அவர் தியாகம் பெரிது. நாயினுடையதை அதனோடு நிறுத்துப் பார்க்கவே கூடாது. நாய்க்கு நாடும் தெரியாது, எல்லையும் தெரியாது. அதனை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கயிற்றைப் பிடித்திருக்கும் ஒரு கை. அந்தக் கையை நம்பியே அது குண்டின் எதிரே போகிறது. கேட்டுப் பெற்ற தியாகத்துக்கு நாம் கடன்பட்டவர்கள் என்றால், கேளாமலே பெற்றுக்கொண்டதற்குக் கடன் இல்லையென்று ஆகிவிடுமா? ஒன்றை நினைப்பதால் மற்றொன்று குறைந்துவிடுவதும் இல்லை. பஷீர் அகமது வாரின் பெயரை நாம் அறிந்ததே மான்சியின் கதையைத் தேடிப் படித்ததால்தான். நாய் தன் வீரரை இங்கேயும் முன்னே நடந்து அழைத்து வந்தது.

இரயில்வே ஊழியர் என்ற முறையில் நம் உள்ளத்தைத் தைத்த வேறொரு வரலாறும் உண்டு. சுமத்திராத் தீவில் பெக்கன்பாருவிலிருந்து முவாரோ வரை சுமார் 220 கிலோமீட்டர் இருப்புப்பாதையை ஜப்பானியர் இரண்டாம் உலகப் போரின் இறுதியில் காட்டை ஊடறுத்துப் போட்டனர். போர்க் கைதிகளும் ஜாவாத் தீவுத் தொழிலாளரும் அடிமைகளாய் உழைத்து, பல்லாயிரவர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அப்பாதை முற்றுப்பெற்றது 1945 ஆகஸ்டு 15. ஜப்பான் பணிந்த அதே நாள். பிறகு அதைக் காடு விழுங்கிவிட்டது.

அக்கைதிகளிடையே ஜூடி என்னும் ஒரு நாய் இருந்தது. 1936-இல் ஷாங்காய் நகரில் பிறந்து, பிரிட்டிஷ் பீரங்கிப் படகொன்றில் வளர்ந்தது. 1942-இல் அது இருந்த கப்பல் குண்டு வீச்சில் அழிந்தபோது, தப்பியோர் ஒதுங்கிய தீவில் குடிநீர் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தது. கைதி முகாமில் பிராங்க் வில்லியம்ஸ் என்னும் விமானப்படை வீரர் தம் பங்குச் சோற்றைப் பகிர்ந்து கொடுத்தார். அன்று முதல் அது அவரை விட்டு அகலவில்லை. காவலர் அதைக் கொன்றுவிடாமல் இருக்க, கைதிப் பட்டியலிலேயே அதைச் சேர்க்கச் செய்தார். 81-ஏ என்பது அதன் எண். 1944-இல் கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பல் நீர்மூழ்கியால் தாக்குண்டபோது அதைச் சாளரத் துவாரத்தின் வழியே கடலில் தள்ளிக் காத்தார். பெக்கன்பாருப் பாதையிலும் இருவரும் ஒன்றாகவே இருந்து மீண்டனர். விலங்குகளின் வீரத்துக்கென 1943-இல் பிரிட்டனில் ஏற்படுத்தப்பட்ட டிக்கின் பதக்கம் 1946-இல் ஜூடிக்குக் கிடைத்தது. 1950-இல் ஆப்பிரிக்காவின் தாங்கனீக்காவில் அது இறந்தபோது, வில்லியம்ஸ் அங்கே தம் கையாலேயே ஒரு நினைவுக்கல் எழுப்பினார்.

இதே போரில் இதே படையினர், 1942-43 ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, மலேயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவர்க்கு அது வாய்க்கவில்லை. பிழைக்க வந்த இடத்தில் பெயரின்றி மறைவது எத்தகையது என்பதை, ஊரை விட்டு வந்து வாழும் நாம் பிறரைக் காட்டிலும் உணர வேண்டியவர்கள். அவர்கள் நினைவாக அவ்வூரில் 2024-ஆம் ஆண்டில்தான் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அத்தனை காலம் பெயரற்றுக் கிடந்தோரையும் ஜூடியையும் அருகருகே எண்ணும்போது ஒன்று விளங்குகிறது. பெயரைப் பட்டியலில் எழுதிவைக்க ஒருவர் இருந்தால் நாயும் நினைவில் நிற்கிறது; அப்படி ஒருவர் இல்லாவிடில் மனிதரும் மறைந்து போகின்றனர்.

நடுகல் என்றதும் நம் நாட்டுக் கல்லொன்று நினைவுக்கு வருகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அது. எருமைகளைக் கவர வந்தவரை எதிர்த்து மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவம் அதிலே உள்ளது. அவனருகே ஒரு நாயின் உருவமும் உள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலே எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே இருந்த காலத்தில், ஒரு நாயின் பெயருக்காகச் சிற்பி உளியைப் பிடித்தான். வீரனுக்கு ஒரு கல், நாய்க்கு வேறொரு கல் என்று பிரிக்கவும் இல்லை. வீரனைச் சிறுமைப்படுத்துவதாகவும் எவரும் கருதவில்லை. ஒன்றாகக் காத்தார்கள், ஒன்றாகக் கல்லில் நின்றார்கள். பெரியவரின் கேள்விக்கு நம் முன்னோர் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதிவிட்டனர் என்று அவரிடம் சொன்னோம். அவர் அந்தத் தாளை மறுபடியும் வாங்கிப் படித்தார். பிறகு ஒரு பேனா கேட்டு, தாளின் தலைப்பில் தம் தமையனாரின் பெயரை எழுதித் தந்தார்.

தில்லியில் இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25-ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் 25,000-க்கும் மேற்பட்ட வீரரின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதிக்கும் திரைப்படத்துக்கும் போகும் நம் குடும்பங்கள் ஒரு நாள் அங்கும் போகலாம். குழந்தைகளைச் சுவரருகே நிறுத்தி, தமிழ்ப் பெயர்களைத் தேடிப் படிக்கச் சொல்லலாம். படித்து முடித்த பின், அவர்களுக்கு முன்னே நடந்த நாய்களின் கதையையும் சொல்லலாம்.

வரும் கொடி நாளன்று நம் சங்கத்தில் ஒரு சிறு மாற்றம் செய்ய வேண்டுகிறோம். ஒரு நிமிடம் எழுந்து நிற்பதற்கு முன், பெயர்களை உரக்கப் படிப்போம். உறவினர் எவரேனும் படையில் பணியாற்றிய குடும்பத்தினர் ஒரு சீட்டில் அவர் பெயரை எழுதிக் கொண்டு வாருங்கள். ஓய்வு பெற்று வந்த முதியவர் வீட்டில் இருந்தால், "உங்களோடு அங்கே யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். தோழரின் பெயரைச் சொன்னாலும் எழுதுங்கள். மலைமீது சுமை ஏற்றி வந்த கோவேறு கழுதையின் பெயரைச் சொன்னாலும், நாயின் பெயரைச் சொன்னாலும் எழுதுங்கள்.

சித்தப்பாவுக்கும் கடிதம் போட்டிருக்கிறோம். அந்தப் பெயரை உரக்கப் படிக்க அவர் இசைவாரா என்பது தெரியாது. இசைந்தால், அதையும் சேர்த்துப் படிப்போம்.